பன்றி மேல் பழி போடும் முன்…

பூண்டி மலைத் தோட்டங்களுக்கு இரவில் வந்து போவது யார்? சாம்பலும் மெழுகும் கரித்தாளும் சொல்லும் துப்பு

கொடைக்கானல் மேல்மலை கிராமங்களில் உருளைக்கிழங்குப் பாத்தி ஒன்று ராத்திரியோடு ராத்திரியாகப் புரண்டு கிடந்தால், பழி நேராகப் பன்றியின் தலையில் போய் விழும். கேரட் கடிபட்டிருந்தாலும் பன்றி. முட்டைக்கோஸ் குருத்து போயிருந்தாலும் பன்றி. பட்டாணிச் செடி வேரோடு சாய்ந்திருந்தாலும் அதே பன்றிதான். நேரில் பார்த்தவர் யாரும் இருக்க மாட்டார்கள். ஆனாலும் தீர்ப்பு எழுதப்பட்டுவிடும்.

பன்றி நல்ல பிள்ளை என்று யாரும் வாதாடப் போவதில்லை. ஒரு கூட்டம் நுழைந்தால் ஒரே இரவில் ஒரு போகத்தின் உழைப்பு போய்விடும். ஆனால், அதே தோட்டத்துக்கு முள்ளம்பன்றியும் வருகிறது, முயலும் வருகிறது, கடமானும் கேளையாடும் வருகின்றன. வரப்புக்குள் எலி குடியிருக்கிறது. ஒரு டன்னையும் எட்டக்கூடிய எடையுள்ள காட்டெருமை வேலியைச் சாய்த்துக்கொண்டு நடந்து போகிறது. ஒவ்வொன்றுக்கும் தடுப்பு வேறு, செலவு வேறு, சட்டமும் வேறு. ஆளைத் தெரிந்துகொள்ளாமல் செலவு செய்கிறவரின் பணம் வேலியிலும் போகிறது, விளைச்சலிலும் போகிறது.

வந்தது யார் என்று தெரிந்துகொள்ளப் பெரிய ஆராய்ச்சிக்கூடம் எதுவும் வேண்டாம். அடுப்புச் சாம்பல், மாவு சலிக்கும் சல்லடை, ஒரு துண்டு குழாய், மெழுகுவத்தி, நூல்கண்டு, ஒரு நோட்டுப் புத்தகம் இருந்தால் போதும்.

சாலை முடியும் இடத்தில்

கொடைக்கானலிலிருந்து மேற்கே பூம்பாறை, மன்னவனூர் பிரிவு, கவுஞ்சி என்று வளைந்து செல்லும் சாலையில் இருக்கிறது பூண்டி. அதைத் தாண்டினால் கிளாவரை. அத்துடன் சாலை முடிகிறது. அப்புறம் காடும் கேரள எல்லையும்தான். உருளைக்கிழங்கு, கேரட், பீன்ஸ், பட்டாணி, முட்டைக்கோஸ் என்று படிப்படியாக இறங்கும் நிலங்கள். இவற்றோடு மலைப்பூண்டும் உண்டு. 2019-ல் புவிசார் குறியீடு பெற்றது இந்தக் கொடைக்கானல் மலைப்பூண்டு.

தோட்டம் முடிகிற இடத்தில் காடு தொடங்குகிறது. ஆனால் அது எந்தக் காடு என்பதில்தான் விஷயம் இருக்கிறது. பழனி மலையின் உச்சிப் பகுதிகளில் இயற்கையாக இருந்தவை இரண்டு: மேடுகளில் பரந்த புல்வெளி, பள்ளங்களில் சோலைக்காடு. தோல் பதனிடும் பட்டைக்காகவும் கூழ்மரத்துக்காகவும் விறகுக்காகவும் வாட்டில், யூகலிப்டஸ், பைன் மரங்களைக் கொண்டுவந்து அந்தப் புல்வெளிகளில் நட்டார்கள். செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்டு 2018-ல் வெளியான ஓர் ஆய்வு, 40 ஆண்டுகளில் பழனி மலையின் புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு சுருங்கிவிட்டது என்று காட்டியது. அந்த இடத்தை எடுத்துக்கொண்டவை மரத் தோட்டங்களும் விவசாய நிலங்களும்.

புல் மேய்கிற விலங்குக்குப் புல் குறைந்தது. பகலில் பதுங்க வாட்டில் புதர் கிடைத்தது. புதருக்குப் பக்கத்திலேயே உரம் போட்டுத் தண்ணீர் பாய்ச்சிய காய்கறித் தோட்டமும் கிடைத்தது. விலங்குகள் இங்கே காலங்காலமாக இருப்பவை. வெளியூரிலிருந்து வந்தது மரம்.

2013-ல் கொடைக்கானல் வனவிலங்கு சரணாலயம் அறிவிக்கப்பட்ட பிறகு, காட்டை ஒட்டிய விவசாயியின் நிலை இன்னும் நுட்பமானது. காட்டெருமை வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்தின் முதல் பட்டியலில் இருக்கிறது. புலிக்கு உள்ள அதே பாதுகாப்பு அதற்கும் உண்டு. காட்டுப்பன்றியைப் பொறுத்தவரை 2025 ஜனவரியில் தமிழக அரசு ஒரு நடைமுறையை அறிவித்தது. காப்புக்காட்டின் எல்லையிலிருந்து 1 கி.மீ. வரை சுட அனுமதி இல்லை. 1 முதல் 3 கி.மீ. வரை பிடித்துக் காட்டுக்குள் விட வேண்டும். 3 கி.மீ.-க்கு அப்பால் மட்டுமே சுடலாம். அதையும் வனத்துறையினர்தான் செய்ய வேண்டும். காட்டின் மடியிலேயே கிடக்கும் மேல்மலை ஊர்களுக்கு இதன் பொருள் தெளிவு: துப்பாக்கி இங்கே விடை இல்லை.

அப்படியானால் மிச்சம் இருப்பது தடுப்பு. சரியான தடுப்புக்கு முதல் படி, வருவது யார் என்று தெரிவது.

கடியைப் பார்த்தால் ஆளைச் சொல்லலாம்

கருவி எதுவும் வைப்பதற்கு முன் செடியைப் பார்க்க வேண்டும். வெட்டுப்பட்ட இடம் நிறையச் சொல்லும்.

மாடு, மான், ஆடு வகைகளுக்கு மேல்தாடையில் முன்பற்கள் கிடையாது. இலையைக் கீழ்ப்பல்லாலும் மேல் ஈறாலும் கவ்வி இழுத்துப் பிய்க்கும். அதனால் கடமானோ காட்டெருமையோ மேய்ந்த தண்டின் முனை பிய்ந்து நாராகத் தொங்கும். முயலுக்கு மேலும் கீழும் கூரிய வெட்டுப்பற்கள் உண்டு. முயல் கடித்த தண்டு, கத்தியால் சாய்வாக வெட்டியதுபோல வழவழப்பாக இருக்கும். உயரமும் ஒரு சாட்சி. முழங்காலுக்குக் கீழே எல்லாம் சாய்வெட்டு என்றால் முயலை நினைக்கலாம். இடுப்பு உயரத்தில் நுனி பிய்ந்திருந்தால் முயலை விட்டுவிடலாம்.

பன்றிக்கு மூக்குதான் கலப்பை. மண்ணை வரிசையாகப் புரட்டிப் போட்டிருக்கும். கட்டிகள் தலைகீழாகக் கிடக்கும். இங்கே ஒரு நுணுக்கம். பன்றி புரட்டுவது கிழங்குக்காக மட்டும் அல்ல. மண்புழுவுக்கும் வேர்ப்புழுவுக்கும் சேர்த்துத்தான். கிழங்கைத் தொடாமல் பாத்தியை மட்டும் உழுது போட்டிருந்தால், அந்த மண்ணில் வேர்ப்புழு பெருகியிருக்கிறதா என்று தோண்டிப் பார்ப்பது நல்லது. புழு இருந்தால் உங்கள் தோட்டத்துக்கு எதிரி இரண்டு பேர்.

முள்ளம்பன்றி மண்ணை இப்படி உழுவதில்லை. வேண்டிய இடத்தில் மட்டும் குழி பறித்துக் கிழங்கை எடுக்கும். பாதி தின்று மீதியைப் போட்டுவிடும். மரத்தின் அடிப்பட்டையைக் கொறிக்கும். அதன் பல் தடம் எலியின் தடத்தைவிட இரண்டு மூன்று மடங்கு அகலம். உதிர்ந்த முள் ஒன்று கிடைத்துவிட்டால் வழக்கு முடிந்தது.

எலி மண்ணுக்கு மேலே தெரியும் கேரட்டின் தலையிலும், மண்ணுக்குள்ளே கிழங்கின் பக்கவாட்டிலும் குடைந்து தின்னும். இரட்டைக் கோடுகளாகச் சின்னஞ்சிறு பல் தடங்கள் தெரியும். வெளியே செடி பச்சையாக நிற்கும். பிடுங்கிப் பார்த்தால் கிழங்கு கூடாக இருக்கும். பக்கத்து வரப்பில் புது மண் குவியல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

நாற்று மட்டத்தில், தரையோடு தரையாகத் தண்டு அறுந்து கிடந்தால் விலங்கே வராமல் இருந்திருக்கலாம். வேரடி மண்ணை இரண்டு விரல் ஆழம் கிளறுங்கள். சுருண்டு படுத்திருக்கும் வெட்டுப்புழு கிடைக்கும். இலையில் வெள்ளி ஜரிகைபோல ஈரக்கோடு ஓடினால் நத்தை. இவை இரண்டுக்கும் கம்பி வேலி போட்டவர்களைப் பார்த்து அவை சிரிக்கத்தான் செய்யும்.

சாம்பல் படுக்கை

தடயம் பார்க்கும் கலையில் மிகப் பழையதும் மிக மலிவானதும் இதுதான். விலங்கு நுழையும் இடம் என்று சந்தேகப்படும் வேலிச் சந்து, வரப்பு, ஓடைக்கரை ஆகிய இடங்களில் ஒரு மீட்டர் அகலத்துக்குப் புல்லைச் செதுக்கி, கல் பொறுக்கி, சலித்த மண்ணை ஒரு அங்குலம் பரப்ப வேண்டும். மேலே மெல்லிய சாம்பல் தூவலாம். பொழுது சாயும்போது ஒரு பலகையால் வழித்துச் சமன் செய்துவிட்டு வந்து, விடியற்காலையில் வெயில் ஏறுவதற்குள் பார்க்க வேண்டும். சாய்ந்து விழும் இளவெயிலில் தடத்தின் ஓரம் நிழலாகத் தெரியும். உச்சி வெயிலில் அதே தடம் கண்ணுக்குப் படாது.

மேல்மலையில் இதற்கு ஒரு தொல்லை உண்டு: சாரல். இரண்டு பருவமழைக் காலத்திலும் மேகம் தோட்டத்துக்குள்ளேயே நடமாடும். மண் படுக்கைக்கு மேலே நான்கு குச்சி நட்டு ஒரு தகரத்தைச் சாய்வாக வைத்தால் தடம் தப்பும். பன்றியும் மானும் தலை குனியாமல் போகும் உயரத்துக்குத் தகரம் இருக்க வேண்டும். அதற்கு மாறாக, மார்கழி, தை மாதங்களில் இயற்கையே வேலையைச் செய்துவிடுகிறது. உறைபனி படிந்த புல்லில் எந்த விலங்கு எந்தப் பக்கமாகப் போனது என்று காலையில் எழுதி வைத்ததுபோலத் தெரியும்.

குளம்புத் தடத்தில் முதலில் பார்க்க வேண்டியது பின்குளம்பு. பன்றியின் காலில் இரண்டு பெரிய குளம்புகளுக்குப் பின்னால் உள்ள இரண்டு சிறு குளம்புகள் இளகிய மண்ணில் தெளிவாகப் பதியும். அதுவும் முன்குளம்புகளைவிட வெளியே அகன்று விழும். கடமானின் தடம் கூர்மையாக, இரண்டு இதழாக இருக்கும். சாதாரண நடையில் பின்குளம்பு பதிவது அரிது. காட்டெருமையின் தடம் வீட்டு மாட்டினுடையதைப் போன்றது, அளவில் பெரியது. பக்கத்தில் சாணமும் கிடக்கும்.

விரல் தடத்தில் எண்ணிக்கை முக்கியம். நாய், பூனை இனத்துக்கு நான்கு விரல். நாய்க்கு நகம் பதியும், பூனைக்குப் பதியாது. கீரிக்கு ஐந்து விரலும் நகமும். நகம் இல்லாத நான்கு விரல் தடம் ஒரு உள்ளங்கை அகலத்துக்கு இருந்தால், அது காட்டுப்பூனை அல்ல. சிறுத்தையாக இருக்கலாம். அத்துடன் உங்கள் துப்பறியும் வேலையை நிறுத்திவிட்டு வனத்துறைக்குத் தகவல் சொல்லிவிட வேண்டும்.

கரித்தாள் சுரங்கம்

எலி போன்ற சிறு விலங்குகளுக்கு மண் படுக்கை பெரிதாக உதவாது. இதற்கு நியூசிலாந்துக்காரர்கள் 1970-களிலிருந்து பயன்படுத்தும் ஓர் எளிய உத்தி நம் தோட்டத்துக்கும் பொருந்தும்: தடச் சுரங்கம்.

அரை மீட்டர் நீளம், ஒரு சாண் விட்டத்துக்குக் குறைவான சுரங்கம் வேண்டும். கொடைக்கானல் ஐந்து லிட்டருக்குக் குறைந்த தண்ணீர் பாட்டில்களுக்குத் தடை உள்ள மலை. பாட்டிலைத் தேட வேண்டாம். கட்டட வேலையில் மிஞ்சிய வடிகால் குழாய்த் துண்டோ, தகரத்தை வளைத்த கூடோ போதும். உள்ளே ஒரு நீளமான வெள்ளை அட்டை. அட்டையின் நடுவில் விளக்குக் கரியைச் சமையல் எண்ணெயில் குழைத்துத் தடவ வேண்டும். எண்ணெய்க் குழம்பு என்பதால் மேகத்தின் ஈரத்துக்குக் கரையாது. கரியின் நடுவே வேர்க்கடலையோ கொப்பரைத் துண்டோ. தின்ன வரும் எலி கரியை மிதித்துக்கொண்டு, போகும்போது வெள்ளைப் பகுதியில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகும்.

எலிக்குப் புதுப் பொருள் என்றால் பயம். அதனால் சுரங்கத்தைச் சில நாள் வெறுமனே வைத்துப் பழக்கிவிட்டு, அதன் பிறகு அட்டை வைக்க வேண்டும். சுவரோரம், வரப்போரம், விறகு அடுக்கின் பக்கம் வைப்பது நல்லது. எலி திறந்த வெளியைக் குறுக்கே கடக்க விரும்பாது. ஓரத்தை ஒட்டியே ஓடும்.

அட்டையில் பதிந்த கால்தடத்தை எண்ணிப் பாருங்கள். எலியின் முன்காலில் நான்கு விரல்தான் பதியும், பின்காலில் ஐந்து. முன்கால், பின்கால் இரண்டிலும் ஐந்து என்றால் அது எலி அல்ல, மூஞ்சூறு. மூஞ்சூறு உங்கள் கேரட்டைத் தொடாது. பூச்சியையும் புழுவையும் தின்று உங்களுக்குச் சம்பளம் இல்லாமல் வேலை செய்யும். விஷம் வைத்தால் இதுபோன்ற வேலைக்காரர்களும் போய்விடலாம்.

பத்துச் சுரங்கம் வைத்து நான்கில் எலித்தடம் விழுந்தால் 40 சதவீதம் என்று குறித்துக்கொள்வது நியூசிலாந்தின் வழக்கம். வீட்டுத் தோட்டத்துக்கு நான்கைந்து போதும். மாதம் ஒரு முறை அதே இடத்தில், அதே எண்ணிக்கையில், ஒரே ஒரு இரவு வைத்தால், எலி கூடுகிறதா குறைகிறதா என்ற கணக்கு கையில் வந்துவிடும்.

இன்னும் எளிது: மெழுகில் வேர்க்கடலைப் பொடியைக் கலந்து சிறு வில்லைகளாக வார்த்து, குச்சியில் செருகித் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் நடுவது. மெழுகில் பதியும் பல் தடம் அச்சு எடுத்ததுபோலத் தெளிவாக இருக்கும். சுண்டெலியின் தடம் ஊசிக் கோடு. வரப்பெலியின் தடம் அதைவிடத் தடிமன். முள்ளம்பன்றி வந்தால் வில்லையே மிஞ்சாது.

வளையை மூடு, காலையில் எண்ணு

இது நம் நாட்டில் வேளாண் துறையினர் நெடுங்காலமாகச் சொல்லிவரும் முறை. செலவு ஒரு காசும் இல்லை. மாலையில் வரப்பிலும் தோட்டத்திலும் உள்ள எல்லா வளைகளையும் ஈர மண்ணால் அடைத்துவிட வேண்டும். மறுநாள் காலையில் எத்தனை வளை திறந்திருக்கிறது என்று எண்ண வேண்டும். திறந்தவைதான் ஆள் குடியிருக்கும் வளைகள்.

நூறு வளை இருக்கிறது என்று மலைத்துப்போனவர், காலையில் பன்னிரண்டு மட்டும் திறந்திருப்பதைப் பார்த்தால் பொறியும் உழைப்பும் எங்கே போக வேண்டும் என்று புரிந்துகொள்வார். சமவெளியில் நெல் விவசாயிகள் நடும் மூங்கில் வில் பொறியான தஞ்சாவூர் கிட்டியும் இப்படி ஆள் நடமாட்டம் தெரிந்த வரப்பில் வைத்தால்தான் பலன் தரும்.

குறுக்கே ஒரு நூல்

வேலிச் சந்தில் இரண்டு குச்சி நட்டு, சாதாரண வெள்ளைத் தையல் நூலை மூன்று உயரத்தில் குறுக்கே கட்டுவது இன்னொரு வழி: ஒரு சாண், முழங்கால், இடுப்பு. காலையில் கீழ் நூல் மட்டும் அறுந்திருந்தால் முயலோ முள்ளம்பன்றியோ. முழங்கால் நூலும் சேர்ந்து போயிருந்தால் பன்றி, கேளையாடு. மூன்றும் போயிருந்தால் கடமான் அல்லது காட்டெருமை. நூல் மட்டும் முடிவான சாட்சி ஆகாது. மண் படுக்கையோடு சேர்த்து வைத்தால், ஒன்று சொல்வதை மற்றது உறுதிப்படுத்தும்.

கண்ணால் பார்த்தே தீர வேண்டும் என்பவர்களுக்குத் தானியங்கிக் கேமரா இருக்கிறது. உடல் சூடு கொண்ட எதுவும் முன்னே அசைந்தால் தானாகப் படம் எடுக்கும். இரவில் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளி. 1920-களில் வட இந்தியக் காடுகளில் வன அதிகாரி எஃப். டபிள்யூ. சாம்பியன், புலி தானே இழுத்துவிடும் கம்பியைக் கட்டி இரவுப் படங்கள் எடுத்தார். அந்த வித்தையின் பேரன்தான் இது. இன்று சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கிறது. தனி ஒருவர் வாங்க வேண்டியதில்லை; பத்துத் தோட்டக்காரர்கள் சேர்ந்து ஒன்று வாங்கி, வாரம் ஒருவராக வைத்துக்கொள்ளலாம்.

முழங்கால் உயரத்தில், பாதைக்குச் சற்றுச் சாய்வாக, வடக்கோ தெற்கோ பார்த்து வைக்க வேண்டும். கிழக்கு மேற்காக வைத்தால் சூரியன் படத்தைக் கெடுக்கும். முன்னால் ஆடும் புல்லைச் செதுக்காவிட்டால் நூற்றுக்கணக்கில் புல் படம்தான் கிடைக்கும். அடர்ந்த மேகத்தில் படம் வெளுத்துப் போகும். உங்கள் நிலத்துக்குள் மட்டும் வையுங்கள். காப்புக்காட்டுக்குள் வைப்பதற்கு வனத்துறை அனுமதி வேண்டும். பக்கத்து வீட்டு வாசலையோ ஊர் நடக்கும் பாதையையோ பார்த்து வைப்பது வேறு வம்பு.

தடம் எதைச் சொல்லாது?

கால்தடத்தை அளவுக்கு மேல் நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு நாட்டிலேயே பெரிய பாடம் ஒன்று உண்டு. ஒடிசாவின் வன அதிகாரி சரோஜ் ராஜ் சௌத்ரி 1960-களில் உருவாக்கிய கால்தட முறையை வைத்துத்தான் 1972-ல் இந்தியாவின் முதல் புலிக் கணக்கெடுப்பு நடந்தது. 1,827 புலி என்றது அந்தக் கணக்கு. அதற்குப் பின் முப்பதாண்டுக் காலம் அதே முறை. 2004-05-ல் ராஜஸ்தானின் சரிஸ்கா காப்பகத்தில் ஒரு புலிகூட மிச்சமில்லை என்பது அம்பலமானபோது, காகிதத்தில் மட்டும் புலிகள் உலவிக்கொண்டிருந்தது தெரிந்தது. 2006 முதல் கணக்கெடுப்பு முறை மாறி, கேமராவும் புள்ளியியலும் வந்தன.

தோட்டக்காரருக்கும் இது பொருந்தும். யார் வந்தது, எந்த வழியாக, எத்தனை நாளுக்கு ஒரு முறை என்பதைத் தடம் சொல்லும். மொத்தம் எத்தனை பன்றி என்பதைச் சொல்லாது. ஒரே பன்றி பத்து முறை நடந்தாலும் படுக்கை நிறையத் தடம்தான்.

நியூசிலாந்திலிருந்து சுரங்கத்தைக் கடன் வாங்கலாம். அவர்கள் நோக்கத்தை வாங்க முடியாது. 2050-க்குள் எலி, மரநாய் இனங்கள், ‘போசம்’ என்ற பைப்பாலூட்டி ஆகியவற்றை நாட்டிலிருந்தே ஒழிப்பது என்று 2016-ல் அந்த அரசு அறிவித்தது. அந்த விலங்குகள் அங்கே கப்பலேறி வந்தவை. பறக்கத் தெரியாத பறவைகளை அழிப்பவை. அதனால் அங்கே கண்டுபிடிப்பது கொல்வதற்காக. பூண்டியில் கண்டுபிடிப்பது, இந்த மண்ணிலேயே பிறந்த, சட்டம் காக்கும் விலங்கிடமிருந்து பயிரை எப்படி ஒதுக்கி வைப்பது என்று முடிவு செய்வதற்காக.

தெரிந்தபின் என்ன செய்வது?

முயல் என்றால் சிறுகண் வலை போதும். முள்ளம்பன்றி என்றால் வலையின் அடியை ஒரு முழம் மண்ணுக்குள் புதைத்து வெளிப்பக்கம் மடக்க வேண்டும். இல்லாவிட்டால் அடியில் தோண்டிக்கொண்டு வந்துவிடும். பன்றிக்கு வேலியின் கீழ்வரிசைதான் உயிர். தரைக்கும் முதல் கம்பிக்கும் இடையே மூக்கு நுழைந்தால் உடம்பும் நுழைந்துவிடும். காட்டெருமைக்கு எந்தக் கம்பியும் பொருட்டல்ல. எந்தத் தடத்தில் அது ஊரைக் கடக்கிறது என்று கண்டு, அந்த வழியை விட்டுவிட்டுப் பயிர் வைப்பது ஒன்றே நீடிக்கும் தீர்வு.

எலிக்கு விஷம் என்றால் அதிலும் கவனம். 3 சதவீத மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த எலிப்பசைக்குத் தமிழக அரசு தடை விதித்திருக்கிறது. மற்ற விஷங்களும் எலியோடு நிற்பதில்லை. விஷம் தின்ற எலியை ஆந்தையும் காட்டுப்பூனையும் தின்னும். அடுத்த போகத்தில் எலி பிடிக்க ஆள் இருக்காது. எலியின் சினைக்காலமோ மூன்றே வாரம்.

தெரியாமல் செய்வதன் விலை பெரியது. பன்றிக்கு என்று மின்கம்பியில் திருட்டு மின்சாரம் பாய்ச்சியதில் தமிழ்நாட்டில் யானைகளும் மனிதர்களும் செத்திருக்கிறார்கள். பன்றிக்கு என்று வைத்த அவுட்டுக்காய் என்னும் உணவு வெடி யானைக் குட்டியின் வாயைக் கிழித்திருக்கிறது. மின்வேலி போடுவதாக இருந்தால், 2023-ல் வந்த தமிழ்நாடு மின்வேலி விதிகளின்படி பதிவு செய்து, உயிரைப் பறிக்காத விட்டுவிட்டுப் பாயும் குறைமின்சார வேலியைத்தான் போட வேண்டும்.

வேலி போட்ட பிறகும், பூண்டுக் கரைசல் தெளித்த பிறகும், பழைய சேலை கட்டிய பிறகும், மண் படுக்கையை எடுத்துவிடக் கூடாது. வாசனைக்கும் சத்தத்துக்கும் விலங்குகள் சீக்கிரம் பழகிவிடுகின்றன. முதல் வாரம் வராத பன்றி மூன்றாம் வாரம் வருகிறதா என்பதைச் சாம்பல்தான் சொல்லும். கடைக்காரர் தரும் உத்தரவாதத்தைவிட அது நம்பகமானது.

மலைக்குப் புதிதல்ல

பயிர்க் காவல் குறிஞ்சி நிலத்தின் பழைய தொழில். தினைப்புனத்தில் கிளி ஓட்டப் பயன்பட்ட தழல், தட்டை, குளிர் ஆகிய கருவிகளின் பெயர்களைக் குறிஞ்சிப்பாட்டில் கபிலர் தருகிறார். புனத்துக்குள் நுழைய வந்த பன்றி, பல்லியின் சத்தம் கேட்டு மெல்லப் பின்வாங்கும் காட்சி நற்றிணையில் உண்டு. பன்றி எந்தச் சந்தில் நுழையும், எப்போது தயங்கும் என்று கூர்ந்து பார்த்தவர்களின் ஊர் இது. பரணில் விழித்திருக்க இன்று ஆள் இல்லை, கூலியும் கட்டாது. விழித்திருக்கும் வேலையைச் சாம்பலுக்கும் நூலுக்கும் கொடுக்கலாம்.

ஊராகச் சேர்ந்து செய்தால் என்ன கிடைக்கும் என்பதற்கு அடுத்த மலையிலேயே உதாரணம் இருக்கிறது. ஆனைமலையின் வால்பாறையில், இயற்கை பாதுகாப்பு அமைப்பு என்ற நிறுவனத்தின் ஆய்வாளர் ஆனந்த குமாரும் குழுவினரும் யானைகளின் நடமாட்டத்தை ஆண்டுக்கணக்கில் பதிவு செய்தார்கள். அன்றாடம் யானை எங்கே நிற்கிறது என்பதை உள்ளூர்க் கேபிள் டிவி, குறுஞ்செய்தி, செல்போனில் இயங்கும் சிவப்பு விளக்கு மூலம் தோட்டத் தொழிலாளர்களுக்குத் தெரிவித்தார்கள். யானை தாக்கி இறப்பவர்களின் எண்ணிக்கை குறைந்தது. 2015-ல் அவருக்கு விட்லி விருது கிடைத்தது. யானையை யாரும் விரட்டவில்லை. அது இருக்கும் இடம் தெரிந்ததே பாதிப் பாதுகாப்பு.

பூண்டியில் இருபது தோட்டக்காரர்கள் ஒரே நோட்டில் எழுதத் தொடங்கினால், பன்றிக் கூட்டம் எந்த வாட்டில் புதரிலிருந்து இறங்குகிறது, எந்த மாதம் கூடுகிறது என்ற வரைபடம் ஒரே வருடத்தில் கிடைக்கும். தேதி, இடம், தடம், சேதம், அன்றைய வானிலை. ஐந்து கட்டம் போதும். தடத்தைப் படம் எடுக்கும்போது பக்கத்தில் ஒரு ஸ்கேலையோ ஐந்து ரூபாய் நாணயத்தையோ வைத்து, மேலிருந்து நேராக எடுக்க வேண்டும். இழப்பீடு கேட்டு வனத்துறைக்கு மனு கொடுக்கும்போது, "பன்றி தின்றுவிட்டது" என்ற வாய்மொழியைவிட அளவோடு கூடிய படத்துக்கு மதிப்பு அதிகம்.

கையாளும்போது ஓர் எச்சரிக்கை. எலிச் சிறுநீர் பட்ட தண்ணீரால் எலிக்காய்ச்சல் வரும். எலியிலும் புதரிலும் வாழும் சிறு உண்ணிகளால் ஸ்க்ரப் டைபஸ் வரும். கையுறை, பூட்ஸ் இல்லாமல் வளையையும் பொறியையும் தொட வேண்டாம். எச்சத்தை உலர்ந்த நிலையில் பெருக்காமல், ப்ளீச்சிங் தண்ணீர் தெளித்து அள்ளுங்கள். காய்ச்சல் வந்தால், புதருக்குள் வேலை செய்ததை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

வனத்துறைக்கும் வேளாண் துறைக்கும் ஒரு வேண்டுகோள். மேல்மலை ஊராட்சி ஒவ்வொன்றிலும் இரண்டு கேமராவும், தடம் பார்க்கச் சொல்லிக்கொடுக்க ஒருவரும் இருந்தால், ஆண்டுதோறும் மனுக்களை வைத்துக்கொண்டு ஊகிக்கும் வேலை மிச்சமாகும். எங்கே எந்த வேலிக்கு மானியம் தர வேண்டும் என்பது காகிதத்திலேயே தெரியும்.

தோட்டக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியது இது: அடுத்த முறை பாத்தி கலைந்தால், கடைக்கு ஓடிக் கம்பியோ மருந்தோ வாங்கும் முன் ஏழு இரவு பொறுத்து, சாம்பலைத் தூவிப் பாருங்கள். செலவு உங்கள் அடுப்பில் இருக்கிறது. அந்த ஏழு நாளில் தெரிந்துகொள்வது, தவறான வேலிக்குக் கொடுக்கும் பணத்தைவிட நிச்சயம் அதிகம் மிச்சப்படுத்தும்.